வயலை விட்டு எதுவும் வீணாகப் போகாமல்: குமரி மாவட்ட விவசாயிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் திறக்கும் தண்ணீர் சானலில் இறங்கிக் குளத்தை நிரப்புகிறது. குளத்து மடை வழியாக வயலுக்கு வருகிறது. வயலில் மிஞ்சியது வடிந்து கீழே இருக்கும் குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த பத்து (வயல்பரப்பு), அடுத்த குளம், கடைசியில் பழையாறு, மணக்குடிக் காயல். நாஞ்சில் நாட்டில் ஒருவர் வயலின் கழிவுநீர்தான் கீழ்வயல்காரரின் பாசன நீர்.

சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நெல்லுக்காக வெட்டிக் காத்த பாசனக் குளங்களே இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக நிற்கின்றன. ஆகவே இந்த மாவட்டத்தில் விவசாயத்தைக் கைவிட்டுச் சூழலைக் காப்பாற்ற முடியாது. வயல் போனால் குளத்தைக் கேட்க ஆள் இருக்காது.

இந்த வழிகாட்டி ஒரே கேள்வியை வைத்து எழுதப்பட்டது: உங்கள் நிலத்தை விட்டு என்ன வெளியே போகிறது? உரமாகப் போனாலும், மண்ணாகப் போனாலும், மருந்தாகப் போனாலும் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, அல்லது உங்கள் முன்னோர் சேர்த்து வைத்தது. அதை நிறுத்துவதில் விளைச்சல் இழப்பு எதுவும் இல்லை. ஒரே பூவில் (நெல் பருவத்தில்) எல்லா உரத்தையும் நிறுத்திவிட்டு, விளைச்சல் சரிந்ததும் பழையபடி மூட்டை மூட்டையாகப் போடுவதைவிட, வெளியேறும் வாசலை முதலில் அடைத்துவிட்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பதே நிலைக்கும்.

முதலில் தண்ணீர் போகும் வழி

நல்ல மழை பெய்து ஓய்ந்த உடனே வயலைச் சுற்றி நடங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் போதும். தண்ணீர் உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய், வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் இருக்கும் இடங்கள், வடிந்த தண்ணீர் சேரும் ஓடை, அதன் கரையில் இருக்கும் கிணறுகள், அது கடைசியில் விழும் குளம் ஆகியவற்றைக் குறியுங்கள். வெளியே போகும் வாயில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகப் போனால் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. செம்மண் கலங்கலாகப் போனால் மேல்மண்ணும் அதோடு ஒட்டிய மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போகின்றன என்று பொருள்.

குமரி வயல்களில் அதிக மண் வெளியேறுவது மழையில் அல்ல, நடவுக்காகத் தொழி (சேறு) கலக்கும் நாளில். உழுது கலக்கி, சமன் செய்து, நடவுக்கு வசதியாக அன்றைக்கே தண்ணீரை வடித்துவிடுவார்கள். அந்தக் கலங்கல் நீரில் வண்டலும், அடியுரமாகப் போட்ட சத்தும் சேர்ந்தே போகும். செய்ய வேண்டியது இதுதான்: தொழி கலக்குமுன் வெளிவாயை மண்ணால் அடைத்துவிடுங்கள். தண்ணீரை அளவாக, மண் மறையும் மட்டத்துக்கு மட்டும் கட்டுங்கள்; 10 செ.மீ. கட்டிவிட்டு உழுதால் வடிக்காமல் நட முடியாது. சமன் செய்தபின் 24 முதல் 48 மணி நேரம் விட்டால் மண் படியும். அதன்பிறகும் வடித்தே ஆக வேண்டுமானால் மேல்தண்ணீரை மட்டும் வடியுங்கள். களிமண் வயல் தெளிய இன்னும் ஒரு நாள் ஆகலாம். ஆற்றுமணல் கலந்த வயல் ஒரே இரவில் தெளிந்துவிடும்.

வெளிவாயில் ஒரு பலகையோ செங்கலோ வைத்து, வயல் மட்டத்துக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் நிரந்தரமாக நிறுத்துங்கள். மண்வெட்டியால் வெட்டி விடும் வாய், ஒவ்வொரு மழைக்கும் ஆழமாகிக்கொண்டே போகும். பலகை வைத்த வாய் அப்படியே நிற்கும். வரப்பின் உள்பக்கத்தை நடவுக்கு முன் தொழியால் பூசி நண்டு வளைகளை அடையுங்கள். வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் பெருக்க வேண்டாம்; பெரிய வரப்பு எலிக்கு வீடு.

குளத்தை ஒட்டிய கடைசி வரப்பில் உழவு வேண்டாம். அங்கே அருகும் வெட்டிவேரும் நெருக்கமாக நிற்கட்டும். கலங்கல் நீர் அந்தப் புல்லுக்குள் புகுந்து வேகம் குறையும்போது வண்டல் அங்கேயே தங்கும்.

மண் மாதிரி

இதைச் சடங்குக்காகச் செய்தால் பயன் இல்லை. உரம் போட்ட உடனேயும், வரப்பு ஓரத்திலும், மர நிழலிலும், எருக்குவியல் இருந்த இடத்திலும் எடுத்த மண் பொய் சொல்லும். ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் போதும். வாழைக்கு 22 செ.மீ. தென்னைக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக்கிலோ மிஞ்சும்வரை இதையே செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச்சாக்கைப் பயன்படுத்தவே கூடாது.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பொறை மண் பெரும்பாலும் புளிப்பு மண். அங்கே போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குக் கிடைக்காது. சூப்பர் பாஸ்பேட் போட்டும் பலன் இல்லை என்று இன்னும் ஒரு மூட்டை போடுபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் பரிசோதனை முடிவு சொல்லும் அளவில் சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து உரம் போடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் தேங்கும் நெல்வயலில் புளிப்பு தானாகவே குறையும். அதனால் விளைக்கு (மேட்டுத் தோட்ட நிலத்துக்கு) தேவைப்படும் அளவு சுண்ணாம்பு, அதே மண்ணுள்ள வயலுக்குத் தேவைப்படாது.

கன்னிப்பூவுக்கு முன் கிடைக்கும் இடைவெளி

கும்பப்பூ எனும் இரண்டாம் பருவ நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. கன்னிப்பூ எனும் முதல் பருவத்துக்கு அணை வழக்கமாக ஜூன் 1-ல் திறக்கிறது. நடுவில் கிடைக்கும் இரண்டு மாதத்தில் வயல் சும்மா கிடக்கிறது. கோடை மழை வரும்போது மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. அறுவடை ஈரம் இருக்கும்போதே, அல்லது முதல் கோடை மழைக்கே, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 முதல் 50 நாளில், பூக்கத் தொடங்கும் பருவத்தில், மடக்கி உழுங்கள். நன்றாக வளர்ந்த பயிர் ஏக்கருக்குச் சுமார் 10 டன் பசுந்தழை தரும்.

இதில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். தண்டு முற்றியபின் உழுதால் மட்காமல் நிற்கும். மட்கும் வேலையில் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ள, நட்ட நாற்று மஞ்சளாகும். உழுத மறுநாளே நட்டாலும் வேர் கருகும். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயந்து தக்கைப்பூண்டு போட முடியாத பத்துகளில், வரப்பிலும் விளை ஓரத்திலும் நிற்கும் கிளைரிசிடியாவை வெட்டி ஏக்கருக்கு 2.5 டன் போடலாம்.

இதே காலம் குளத்து வண்டல் எடுக்கவும் ஏற்றது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அனுமதி உண்டு. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது வரம்பு. மேல்வண்டலை மட்டும் எடுங்கள். கரை அடியைத் தோண்டினால் கரை சரியும். வண்டலைத் தாண்டிச் செம்மண்வரை ஆழமாகத் தோண்டினால் குளத்தில் தண்ணீர் நிற்காமல் கசியும். பறவைகள் சரணாலயமாக இருக்கும் குளங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.

ஆகாயத்தாமரை மூடிய குளமாக இருந்தால் அதையும் உரமாக்கலாம். பூக்கும் முன் வாரி, வேரை வெட்டிப் போட்டு, சில நாள் வாட விட்டு, சாணத்தோடு அடுக்கடுக்காக மட்க வையுங்கள். நாகர்கோவில் நகரத்துச் சாக்கடை கலக்கும் குளத்திலிருந்து எடுக்க வேண்டாம். கழிவில் இருக்கும் உலோகங்களை அந்தச் செடி உறிஞ்சி வைத்திருக்கும்.

நெல்லுக்கு உரம்: எத்தனை மூட்டை?

குறுகிய காலப் பயிருக்கு (அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்றவை) பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) சத்து 120:40:40 கிலோ. ஏக்கர் கணக்கில் 48:16:16. மண் பரிசோதனை இருந்தால் அதன் அளவே முதன்மை.

மணிச்சத்தில்தான் அதிகம் மிஞ்சுகிறது. 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஏக்கருக்குத் தேவை 16 கிலோ. ஆக ஒரு மூட்டையே அதிகம். இரண்டு பூவுக்கும் ஒவ்வொரு மூட்டை என்று பல வருடம் போட்டுவந்த வயலில் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போகும். அது தண்ணீரில் எளிதில் கரைந்து ஓடாது. மண்துகளோடு ஒட்டிக்கொண்டு தொழிக் கலங்கலில் போகும். குளத்தில் படிந்து, அங்கே ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் தீனியாகும். குளம் மூடினால் மடையில் தண்ணீர் வராது. உங்கள் டிஏபி மூட்டைக்கும் மடை அடைப்புக்கும் இடையில் இருப்பது இவ்வளவு தூரம்தான். பரிசோதனையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் அளவைத் தைரியமாகக் குறையுங்கள்.

தழைச்சத்து வேறு வழியில் போகிறது: நீரில் கரைந்தும் காற்றில் பறந்தும். 48 கிலோவும் யூரியாவாக என்றால் 104 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டே கால். இதை நாள் கணக்கு வைத்துப் போடுவதைவிட இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) பார்த்துப் போடுவது நல்லது. நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே ஆள் பார்க்க வேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நில்லுங்கள். குறுக்காக நடந்து 10 குத்துகளில், முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். 6 இலை அல்லது அதற்கு மேல் 4-ம் பட்டையைவிட வெளிறி இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. இல்லையென்றால் அந்த வாரம் எதுவும் வேண்டாம். பசுந்தாள் உழுத வயலில் முதல் இரண்டு மூன்று வாரம் அட்டை ‘வேண்டாம்’ என்றே சொல்லும். அதை நம்புங்கள். கரும்பச்சையாக இருப்பது வளமான பயிர் என்ற எண்ணம்தான் இலைச்சுருட்டுப்புழுவையும், தூரில் சாறு உறிஞ்சும் புகையானையும் வீட்டுக்கு அழைக்கிறது.

யூரியா போடும் நாளில் தண்ணீரை வடித்துச் சேறாக வைத்து, போட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். அடுத்த 3 நாள் வெளிவாய் திறக்கக் கூடாது. மேகம் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மழை முழு மூட்டையையும் குளத்துக்குக் கொண்டுபோய்விடும். வேப்பம்புண்ணாக்கு கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது, தனியாகக் கலக்கத் தேவையில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலை மாறி மாறிக் காயவிட்டுப் பாய்ச்சும் இந்த முறைக்குத் தேவை 15 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய் ஒன்று. கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறு துளைகள் போடுங்கள். வரப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில், பாதி மண்ணுக்குள் போகுமாறு நிறுத்தி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். மறுபடி இறங்கும்வரை விடுங்கள். பூக்கும் முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் தண்ணீர் வற்றவே கூடாது. வற்றினால் பதர் விழும்.

நினைத்தபோது தண்ணீர் கிடைக்கும் வயலுக்கே இது பொருந்தும். கிணறோ, குளத்து மடைக்கு அருகிலுள்ள தலைமடை வயலோ இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். சானல் கடைமடையில் முறைத் தண்ணீரை நம்பி இருப்பவர் வந்த தண்ணீரைக் கட்டித்தான் ஆக வேண்டும். தலைமடைக்காரர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால், மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்கு வரும். ஆகவே இதைத் தனி ஆளாக யோசிப்பதைவிடப் பாசன சபையில் பேசுவது பலன் தரும்.

பூச்சி: மருந்தை எடுக்கும் முன் எண்ணுங்கள்

நாற்று பறித்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தண்டுத்துளைப்பான் முட்டைக் குவியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடும்போது ஒவ்வொரு 2.5 மீட்டருக்கும் ஓர் அடி இடைவெளி விட்டால், புகையான் வரும் காலத்தில் தூருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். வரப்பில் உளுந்தோ செண்டுப்பூவோ போடுங்கள். அந்தப் பூவில் தேன் குடிக்கும் சிறு குளவிகள் நெல்லைத் தின்னும் புழுக்களின் முட்டைக்குள் முட்டையிடும்.

வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கி எண்ணுங்கள். மருந்தை யோசிக்க வேண்டிய எல்லை இவை: தண்டுத்துளைப்பான் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதக் குருத்து காய்ந்தால். இலைச்சுருட்டுப்புழு தூர்ப்பருவத்தில் 10 சதவீத இலை, பூக்கும்போது கண்ணாடி இலையில் 5 சதவீதம். கதிர்நாவாய்ப்பூச்சி பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5, பால் பருவத்தில் 16. புகையானுக்குத் தூரை விலக்கி அடியில் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். இந்த எண்ணுக்குக் கீழே அடிக்கும் மருந்து பணத்தை மட்டுமல்ல, சிலந்தியையும் கொல்கிறது. பைரித்ராய்டு வகை மருந்து அடித்த இரண்டு வாரத்தில் புகையான் பல மடங்காகத் திரும்புவது இதனால்தான்.

எண்ணிக்கை எல்லையை நெருங்கும்போது, தண்டுத்துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் (முட்டையை அழிக்கும் சிறு குளவி) முட்டை அட்டை ஏக்கருக்கு 2 சி.சி., நட்ட 30-ம் நாளும் 37-ம் நாளும் கட்டுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் என்றால் ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் வீரியம் போய்விடும். பழைய, பூஞ்சை பிடித்த கொட்டையால் பயன் இல்லை.

ரசாயன மருந்து அடித்தே ஆக வேண்டிய நாளும் வரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்; அதற்குப்பின் மருந்து உங்கள் பயிரில் விழாது, பக்கத்துக் குளத்தில் விழும். கும்பப்பூ காலத்தில் வலசைப் பறவைகள் குளத்தில் இருக்கும். குளத்தை ஒட்டிய வயலில் குருணை மருந்து வேண்டாம். குருணையைத் தானியம் என்று கொத்தும் பறவை அங்கேயே விழும். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும்; அதற்குப் பதில் ஏக்கருக்கு 15 முதல் 20 பறவை உட்காரும் கம்புகள் நடுங்கள், தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வையுங்கள்.

டப்பா காலியானதும் கால்பங்கு தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கித் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள், மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போடுங்கள். தெளிப்பானைச் சானலில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரைத் தெளித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

வாழை

உரம் குளத்துக்குப் போகிறது என்று நெல்லைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குப் பரிந்துரை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:90:300 கிராம். 150 கிராம் தழைச்சத்து என்றால் 326 கிராம் யூரியா. 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 1,235 மரம் வைத்தால் சுமார் 400 கிலோ யூரியா, கிட்டத்தட்ட 9 மூட்டை. நெல்லைப் போல நான்கு மடங்கு. அதுவும் வடிகால் வெட்டிய வயலில், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில். ஒரு குமரி விவசாயி ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் அதை வாழையில் செய்யட்டும்.

தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் 3, 5, 7-ம் மாதம் என மூன்றாகப் பிரிப்பது குறைந்தபட்சம். சொட்டுநீர் இருந்தால் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைத்து விடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பங்கையும் 15 நாள் இடைவெளியில் இரண்டாக்குங்கள். கூலி சற்று ஏறும், உரம் இறங்கும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்கள். வடிகாலில் விழும் ஒவ்வொரு பிடியும் நேராக ஓடைக்குப் போகும். நடும்போது குழிக்கு 10 கிலோ தொழுவுரமும் 250 கிராம் வேப்பம்புண்ணாக்கும். இடையில் தட்டைப்பயறு விதைத்து 45 நாளில் அமுக்கிவிடுங்கள். குலை வெட்டியபின் தண்டை நெடுக்காகப் பிளந்து, துண்டாக்கித் தோட்டத்திலேயே பரப்புங்கள். எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறது. பிளக்காமல் போட்டால் தண்டுக்கூன்வண்டு அதில் பெருகும்.

கூன்வண்டுக்குப் போரேட் குருணை வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2020 டிசம்பர் 31 முதல் அதற்குத் தடை. மாற்று: ஓரடி நீளத் தண்டுத் துண்டுகளை நெடுக்காகப் பிளந்து, வெட்டிய பக்கத்தில் பிவேரியா பாசியானா (பூச்சியைக் கொல்லும் பூஞ்சை) பூசி, அந்தப் பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஏக்கருக்கு 40. வாடியதும் மாற்றுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்த பிறகு முட்டுக்கொடுப்பது கூடியிருக்கிறது; நல்லதுதான். ஆனால் நைலான் கயிறும் குலை மூடும் பிளாஸ்டிக் உறையும் அறுவடைக்குப் பின் வடிகாலில் கிடக்கின்றன. சானலில் அடைபட்டிருப்பதை இழுத்துப் பாருங்கள், பாதி இதுதான். தும்புக்கயிறு (தேங்காய் நார்க்கயிறு) ஒரு பருவம் தாங்கும், பிறகு மட்கும்.

நஞ்சையில் வாழை வைப்பவர்கள் வரப்பையும் வாய்மடையையும் உடைக்காமல் வைத்திருங்கள். ஒரு வாழைக்குப் பின் இரண்டு பூ நெல் என்று சுழற்றினால், தேங்கும் தண்ணீரில் நூற்புழு அழியும், வாடல் நோயும் குறையும். வயலில் மண் நிரப்பித் தோப்பாக்கினால் இந்த வழி அடைபடும். மழைநீர் தேங்க இருந்த இடமும் போகும்.

தென்னையும் ரப்பரும்

தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர், 2 கிலோ பொட்டாஷ். ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் இரண்டாகப் பிரித்து, 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாத்தியில். 100 தொண்டுகளை (தேங்காய் மட்டைகளை) குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பாத்தியில் அடுக்குங்கள். ஈரம் நிற்கும், மழையில் உரம் ஓடாது. வேர்வாடல் உள்ள தோப்பில் ஆண்டுக்கு 10 காய்க்கும் குறைவாகத் தரும் மரத்தை வெட்டி அகற்றுங்கள். மற்றவற்றுக்கு மரத்துக்கு 500 கிராம் மக்னீசியம் சல்பேட் கொடுங்கள். சுருள் வெள்ளை ஈக்கு மருந்து அடிக்க வேண்டாம். அதை அழிக்கும் என்கார்சியா குளவி மருந்தில் முதலில் சாகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி (5 அடிக்கு ஒன்றரை அடி) ஏக்கருக்கு 8, ஆறடி உயரத்தில். ஓலையில் கரும்பூசணம் இருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் காய்ந்து உதிரும்.

ரப்பர் சரிவில் சமமட்டத்தில் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழத்தில் வண்டல் குழிகள் வெட்டி, ஆண்டுதோறும் அள்ளி மரத்தடியில் போடுங்கள். ஊடே கைதச்சக்கை (அன்னாசி) வைத்தால் சரிவுக்குக் குறுக்கே வரிசை. மேலிருந்து கீழாக வைத்த வரிசை ஒவ்வொன்றும் ஓடையாகிவிடும். ரப்பர் ஷீட் அடித்த புளிப்புத் தண்ணீரைத் தோட்டுக்கு (ஓடைக்கு) விடாதீர்கள். குழியில் தேக்கிச் சுண்ணாம்பு போடுங்கள். தை முதல் பங்குனிவரை தளிர் விடும் காலத்தில் ரப்பர் இலைக்காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் பக்கத் தேனீப் பெட்டிகள் அதை நம்பியே நிற்கின்றன. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பதும் அதே காலம்தான். முந்தின நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லுங்கள், விடியும் முன் பனி ஈரத்தில் அடித்து முடியுங்கள்.

மலையடிவாரத்தில் மரச்சீனியையும் (மரவள்ளி) வாழையையும் காட்டுப்பன்றி அழிப்பது உண்மையான இழப்பு. அதற்காக வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது குற்றம். இரவில் தண்ணீர் பார்க்கப் போகும் மனிதரும் அதில் சாகலாம். விட்டுவிட்டு அதிரும் சூரியசக்தி வேலியே வழி. 2023 விதிகளின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஓரடிக்குள் இருந்தால்தான் பன்றி நிற்கும். கம்பியைத் தொடும் புல்லை வாரம் ஒருமுறை செதுக்கவில்லை என்றால் மின்துடிப்பு மண்ணுக்கு இறங்கிவிடும்.

தொடங்கும் விதம்

முழு வயலிலும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். தண்ணீர் வாயைச் சரிசெய்வது மட்டும் எல்லா வயலிலும் உடனே நடக்கட்டும். உரத்துக்கு 10 சென்ட் தனியாக வரப்பு போட்டுப் பிரித்து, அதில் அட்டை பார்த்தும், மற்றதில் வழக்கப்படியும் செய்யுங்கள். நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, போட்டது, அளவு, செலவு. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே தூற்றி எடை போடுங்கள். 10 சென்டில் விளைச்சல் குறைந்தால் யூரியாவை ஏற்றும் முன் மூன்றைப் பாருங்கள்: அட்டையைப் பார்த்தது ஒரே ஆள்தானா, பூக்கும் வாரத்தில் வயல் காய்ந்ததா, பரிசோதனையில் துத்தநாகம் குறைவு என்று இருந்ததை விட்டுவிட்டீர்களா. மூன்றும் சரியாக இருந்தும் குறைவு என்றால் நோட்டையும் மண் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். தோட்டப்பயிருக்கு என்றால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்.